சுளுக்கா, முறிவா? கணுக்கால் எலும்பு முறிவின் வகைகளும் வைத்தியமும்



பௌர்ணமி தோறும் அடி அண்ணாமலை வழியாகக் கிரிவலம் வரும் கூட்டத்தை நாம் அறிவோம். 14 கிலோமீட்டர் பாதை, பெரும்பாலோர் வெறுங்கால். நமக்கோ அது வியாபார இரவு. தண்ணீர் தெளித்த வாசற்படி, சாக்கடை மேல் போட்ட பலகை, வாழைப்பழத் தோல், அவசரத்தில் இறக்கி வைத்த மூட்டைகள் இவற்றுக்கு நடுவே ஒருவர் காலை மடக்கிக்கொண்டு விழுவது அபூர்வமல்ல. விழுபவர் பக்தராக இருக்கலாம், லாரியிலிருந்து சரக்கு இறக்கும் ஆளாக இருக்கலாம், கல்லாவை விட்டு எழுந்து வந்த முதலாளியாகவும் இருக்கலாம். சுற்றி நிற்பவர்கள் சொல்வது மட்டும் ஒன்றுதான்: "சுளுக்குதான், நீவி விட்டால் சரியாகிவிடும்."

அது உண்மையிலேயே சுளுக்குதானா என்று அறிவது எப்படி? முறிவு என்றால் எதற்கு மாவுக்கட்டு போதும், எதற்கு ஆபரேஷன் வேண்டும்? அடியேன் டாக்டர் அல்ல, மொத்த மளிகை வியாபாரி. கடை வாசலில் கால் முறிந்தவர்களோடு ஆஸ்பத்திரிக்குப் போய் வந்ததிலும், எலும்பு டாக்டர்களிடம் விடாமல் கேட்டதிலும், படித்ததிலும் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

முதலில் மூட்டின் அமைப்பு. முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்புகள் இறங்குகின்றன. உட்புறம் இருக்கும் பருமனான எலும்புக்கு டிபியா என்றும், வெளிப்புறம் இருக்கும் மெல்லிய எலும்புக்கு ஃபிபுலா என்றும் பெயர். கணுக்காலில் உள்ளும் புறமும் கைக்குத் தட்டுப்படும் முட்டுகள் இவற்றின் கீழ் முனைகளே. இவ்விரண்டு முட்டுகளும் ஒரு கவடு போல நிற்க, அதற்குள் பாதத்தின் மேல் எலும்பாகிய தாலஸ் பொருந்தி உட்கார்ந்திருக்கிறது. எலும்புகளை ஒன்றோடொன்று பிணைத்து வைத்திருப்பது நாம் ஜவ்வு என்று சொல்லும் கெட்டியான நார்கள்.

மின்னணுத் தராசு வருமுன் நாம் பிடித்த தட்டுத் தராசை நினைத்துக்கொள்ளுங்கள். கைப்பிடிக் கவட்டின் நடுவே முள் நின்றால்தான் எடை சரி. கணுக்காலிலும் அப்படியே, தாலஸ் நடுவில் நிற்க வேண்டும். ராம்சி, ஹாமில்டன் என்ற இரு மருத்துவர்கள் 1976-ல் இதை அளந்து பார்த்து வெளியிட்டார்கள். தாலஸ் 1 மில்லிமீட்டர் வெளிப்புறம் நகர்ந்தால், எலும்பும் எலும்பும் தொடும் பரப்பு சராசரியாக 42 சதவீதம் குறைந்துவிடுகிறது என்பது அவர்கள் கண்டது. ஒரு மில்லிமீட்டர் என்பது நல்ல கடுகு ஒன்றின் பருமன் கூட இல்லை. உடம்பின் பாரம் முழுவதும் மீதியுள்ள சிறு இடத்தில் இறங்குவதால் அங்குள்ள குருத்தெலும்பு தேய்கிறது. முறிவு கூடிய பின்னும், சில ஆண்டுகள் கழித்துப் படியேற முடியாமல் ஒருவர் சிரமப்படுவது இதனால்தான்.

ஆகவே, எத்தனை எலும்பு முறிந்தது என்பதை விட, தாலஸ் தன் இடத்தில் அசையாமல் நிற்கிறதா என்பதே பெரிய கேள்வி. கட்டா, ஆபரேஷனா என்று டாக்டர் முடிவு செய்வதும் இதை வைத்துத்தான்.

எக்ஸ்ரே எப்போது வேண்டும்?

கனடா நாட்டில் ஒட்டாவா நகரின் மருத்துவர் இயன் ஸ்டீல் என்பவரும் உடனிருந்தவர்களும் 1992-ல் ஒரு எளிய விதியை வெளியிட்டார்கள். இன்று உலகெங்கும் அவசரச் சிகிச்சைப் பிரிவுகளில் அதைப் பின்பற்றுகிறார்கள். நாமும் தெரிந்து வைத்துக்கொள்ளலாம். கணுக்கால் பக்கம் வலி இருந்து, வெளி முட்டின் நுனியையோ அதன் பின் விளிம்பையோ, அங்கிருந்து மேலே 6 சென்டிமீட்டர் வரை, விரலால் அழுத்தினால் எலும்பிலேயே வலி எடுக்கிறதா? உள் முட்டிலும் அதே போல் வலி உண்டா? அடிபட்ட உடனேயும், பிறகு ஆஸ்பத்திரியிலும், நொண்டியாவது நான்கு அடி வைக்க முடியவில்லையா? இவற்றில் ஒன்றுக்கு ஆம் என்றாலும் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். எதுவுமே இல்லையென்றால் முறிவு இருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. பாதத்தின் வெளி ஓரத்தில், சுண்டு விரலுக்கு நேர் பின்னால் நடுப்பாதத்தில் புடைத்திருக்கும் எலும்பு வலித்தாலும், உள் ஓரத்தில் கணுக்காலுக்கு முன்னால் இருக்கும் எலும்பு வலித்தாலும் பாதத்துக்குத் தனியாக எக்ஸ்ரே உண்டு.

இந்த விதி செல்லாத இடங்களும் உள்ளன. குடித்திருப்பவர், நினைவு தெளிவில்லாதவர், சர்க்கரை நோயால் பாதம் மரத்துப் போனவர் ஆகியோருக்கு வலியை நம்ப முடியாது. அவர்களுக்கு எக்ஸ்ரே எடுத்துவிடுவதே சரி. "நடக்க முடிகிறதே, முறிவாக இருக்காது" என்பதையும் நம்ப வேண்டாம். வெளி எலும்பு மட்டும் முறிந்தவர்கள் வலியோடு நடந்தே வருவதுண்டு.

வீக்கம் ஏறும் முன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. பெண்கள் என்றால் கொலுசையும் மெட்டியையும் உடனே கழற்றிவிடுங்கள். அரை மணி கழித்துக் கழற்ற முடியாது, வெட்டத்தான் வேண்டியிருக்கும். காலை உயர்த்தி வைத்து, துணியில் சுற்றிய ஐஸை விட்டு விட்டு வைக்கலாம். நேராக ஐஸ் படக்கூடாது. சோப்பு வரும் அட்டைப்பெட்டி நம் கடையில் இல்லாமல் போகாது. அதைப் பிரித்துப் பாதத்தோடு முழங்கால் வரை அணைவாக வளைத்து, துண்டால் தளர்வாகக் கட்டினால் கால் ஆடாது. ஆபரேஷன் தேவைப்படலாம் என்று தோன்றினால், பாவம் என்று காபி, டீ வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். வயிறு காலியாக இருந்தால்தான் மயக்க மருந்து கொடுக்க வசதி.

காலை ஆடாமல் கொண்டு போவதன் அருமை தெரிந்த ஒருவர் லண்டனில் இருந்தார். பெர்சிவல் பாட் என்ற அறுவை மருத்துவர் 1756-ல் குதிரையிலிருந்து விழுந்து, முழங்காலுக்குக் கீழ் எலும்பு முறிந்து வெளியே தெரிந்தது. அவர் யாரையும் தன்னைத் தூக்க விடவில்லை. தெருவிலேயே கிடந்தபடி ஒரு கதவை விலைக்கு வாங்கி, பல்லக்குத் தூக்கிகளை வரவழைத்து, அவர்களுடைய கழிகளைக் கதவில் ஆணியடித்து, அதன் மேல் படுத்து வீடு சேர்ந்தார் என்று வரலாறு சொல்கிறது. கால் பிழைத்தது. கணுக்கால் முறிவைப் பற்றிப் பின்னாளில் அவர் விரிவாக எழுதியதால், "பாட் முறிவு" என்ற பெயர் இன்றும் மருத்துவ நூல்களில் நிற்கிறது.

வகைகள்

பல விதமாகப் பிரிக்கிறார்கள் என்றாலும், பெல்ஜியத்தின் டேனிஸ் 1949-ல் தொடங்கி, சுவிட்சர்லாந்தின் வெபர் 1972-ல் சீர்ப்படுத்திய ஏ, பி, சி என்ற பிரிவுதான் டாக்டர்கள் வாயில் அதிகம் வருவது. வெளி எலும்பாகிய ஃபிபுலா எந்த உயரத்தில் முறிந்தது என்பதே இதன் அடிப்படை.

மூட்டு மட்டத்துக்குக் கீழே முறிந்தால் ஏ. பாதம் உள்பக்கம் மடங்கும்போது வெளி முட்டின் நுனி பிய்ந்து வருவது. பெரும்பாலும் மூட்டு நிலையாகவே இருக்கும். ஆபரேஷன் தேவைப்படுவது அரிது. பூட்ஸ் போன்ற ஆதரவு உறையையோ சிறு கட்டையோ போட்டு, வலி பொறுக்கும் அளவுக்குக் காலூன்றி நடக்கச் சொல்லிவிடுகிறார்கள்.

மூட்டு மட்டத்திலேயே முறிந்தால் பி. அதிகம் காணப்படுவது இதுதான், யோசித்து முடிவெடுக்க வேண்டியதும் இதுதான். வெளியே எலும்பு முறிந்திருக்கிறது, சரி. உள்பக்கத்து ஜவ்வு முழுசாக இருக்கிறதா? இருந்தால் தாலஸ் நகராது, கட்டோடு கூடிவிடும். அதுவும் கிழிந்திருந்தால் கவடு இரு பக்கமும் பிடியிழந்து நிற்கிறது என்று பொருள். ஜவ்வு எக்ஸ்ரேயில் தெரியாது. அதனால்தான் சில நாள் கழித்து, காலூன்றி நிற்க வைத்து மறுபடி எக்ஸ்ரே எடுக்கச் சொல்கிறார்கள். "போன வாரம்தானே எடுத்தோம், பணம் பறிக்கிறார்கள்" என்று நம்மவர்கள் முணுமுணுப்பதைக் கேட்டிருக்கிறேன். படுத்திருக்கையில் எடுத்த படத்தில் ஒழுங்காகத் தெரிந்த தாலஸ், பாரம் இறங்கும்போது நகர்கிறதா என்று பார்ப்பதற்குத்தான் அந்த இரண்டாம் படம். அந்தச் செலவை மிச்சம் பிடிப்பது தகாது.

மூட்டுக்கு மேலே முறிந்தால் சி. டிபியாவையும் ஃபிபுலாவையும் கீழே சேர்த்துப் பிணைத்திருக்கும் ஜவ்வும் இதில் கிழிந்திருக்கும். பொதுவாக ஆபரேஷன்தான். இதிலே ஒரு வேடிக்கையான வகை உண்டு. கால் மடங்குவது கணுக்காலில், எலும்பு முறிவது முழங்காலுக்குச் சற்றுக் கீழே. 1840-லேயே இதை விவரித்த மேசனூவ் என்ற பிரெஞ்சு மருத்துவர் பெயரால் அழைக்கப்படுகிறது. கணுக்காலுக்கு மட்டும் எக்ஸ்ரே எடுத்தால் இது தப்பிவிடும். ஆகவே முழங்கால் பக்கம் லேசாக வலித்தாலும் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

உள் முட்டும் வெளி முட்டும் சேர்ந்து முறிவதும், அவற்றோடு டிபியாவின் பின் விளிம்பும் முறிவதும் உண்டு. இரண்டு, மூன்று என்று எண்ணிக்கை கூடக் கூட மூட்டு நிலையிழக்கிறது. உள் முட்டு மட்டும் தனியாக முறிவதும் உண்டு. விலகாமல் இருந்தால் கட்டு, விலகியிருந்தால் திருகாணி.

லாரியின் மேலிருந்து குதிப்பவர், ஏணியிலிருந்து விழுபவர் கதை வேறு. உடம்பின் பாரம் நேர் கீழாக இறங்கி, டிபியாவின் அடிப்பாகம் நொறுங்கிப் போகும். இதற்குப் பைலான் முறிவு என்று பெயர். குதிகால் எலும்பும் முதுகெலும்பும் சேர்ந்து அடிபட்டிருக்கலாம் என்பதால் அவற்றையும் பார்க்கச் சொல்ல வேண்டும். இதில் வீக்கம் மிக அதிகம். முதலில் வெளியிலிருந்து கம்பிகளைப் பொருத்திக் காலை நிறுத்தி வைத்து, வீக்கம் வடிந்த பிறகே உள்ளே பிளேட் வைக்கிறார்கள். எல்லாம் சரியாகச் செய்தாலும் பழைய கால் அப்படியே திரும்புவது கடினம். நம் சரக்கு இறக்கும் ஆட்கள் மூட்டையோடு குதிப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த முறிவுதான் நினைவுக்கு வரும். ஒரு சாய்வுப் பலகை வாங்கிப் போட எத்தனை ரூபாய் ஆகிவிடும்?

பாதம் ஒரு பக்கம் திரும்பி நின்றால் மூட்டே விலகியிருக்கிறது. தோல் இழுபட்டு ரத்தமின்றிச் செத்துவிடும் ஆகையால் உடனே ஆஸ்பத்திரியில் நேராக்க வேண்டும். முறிந்த இடத்தில் புண் இருந்தால், அது சிறு துளையாக இருந்தாலும், சுத்தத் துணியால் மூடி 108-ஐ அழையுங்கள். மஞ்சளோ காபித்தூளோ வைக்க வேண்டாம்.

நாட்டுக் கட்டு

இங்கே நம்மவர்கள் கேட்கும் கேள்வி: "புத்தூர் கட்டு கட்டினால் சரியாகாதா?" ஆந்திராவில் திருத்தணிக்கு அப்பால் இருக்கும் புத்தூரின் பெயர் தமிழ்நாடு முழுக்கப் பலகைகளில் தொங்குகிறது. அங்கே போய்க் குணமானவர்களை நானும் அறிவேன். அவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் யார் குணமானார்கள் என்று பார்க்க வேண்டும். மூட்டு நிலையாக இருக்கும் முறிவு, காலை ஆடாமல் வைத்தாலே கூடிவிடும். கட்டியது மூங்கில் பத்தையா, மாவா என்பதில் பெரிய வேறுபாடில்லை. தாலஸ் நகர்ந்திருக்கும் முறிவை எக்ஸ்ரே பார்க்காமல் கட்டினால், எலும்பு கூடத்தான் செய்யும், கோணலாகக் கூடும். கட்டு அவிழ்க்கும்போது தெரியாது, மூன்று நான்கு ஆண்டு கழித்துத் தெரியும். அப்போது அந்தக் கட்டை யாரும் நினைப்பதில்லை.

நீவுவதும் உருவுவதும் முறிவில் கூடவே கூடாது. எங்கள் வட்டாரத்தில் ஒரு மளிகைக் கடைக்காரர் எண்ணெய் டின்னோடு படியில் சறுக்கினார். ஒன்பது நாள் காலை மாலை எண்ணெய் போட்டு நீவினார்கள். பத்தாம் நாள் எக்ஸ்ரே எடுத்தபோது உள்ளும் புறமும் முறிந்து விலகியிருந்தது. தோலெல்லாம் கொப்புளம். அவை ஆறக் காத்திருந்து ஆபரேஷன் செய்ய மேலும் இரண்டு வாரம் ஆயிற்று. தீபத் திருவிழா வியாபாரம் முழுவதும் போயிற்று. மனைவிதான் கடையைப் பார்த்துக்கொண்டார்.

கட்டு யார் போட்டாலும் ஒரு எச்சரிக்கை பொது. நாட்டியக் கலைஞர் சுதா சந்திரனை அறியாதவர் இல்லை. 1981 மே மாதம் தமிழ்நாட்டில் நடந்த விபத்தில் அவர் காலில் அடிபட்டது. முதல் சிகிச்சைக்குப் பின் சென்னைக்குக் கொண்டு வரப்பட்டார். வலது பாதம் அழுகத் தொடங்கியிருந்தது தெரிந்து காலை எடுக்க வேண்டியதாயிற்று. பிறகு ஜெய்ப்பூர் செயற்கைக் கால் பொருத்தி மறுபடி மேடையேறியதும், அவர் வாழ்க்கையே "மயூரி" என்ற படமாக வந்து அவரே நடித்ததும் நாடறிந்தவை. அடிபட்ட காலில் ரத்த ஓட்டமும் புண்ணும் எலும்பை விட அவசரமானவை. கட்டுக்கு வெளியே தெரியும் விரல்கள் நீலமாகவோ வெளுத்தோ சில்லிட்டோ போனால், மரத்தால், விரலை மெல்ல அசைத்தாலே தாங்க முடியாத வலி எடுத்தால், கட்டுக்குள்ளிருந்து நாற்றம் வந்தால், விடியட்டும் என்று இருக்கக் கூடாது. நள்ளிரவானாலும் போய்க் கட்டைப் பிரிக்கச் சொல்ல வேண்டும்.

ஆபரேஷனும் அதற்குப் பின்னும்

ஆபரேஷனில் வெளி எலும்புக்குப் பிளேட்டும் திருகாணிகளும், உள் முட்டுக்குத் திருகாணியோ கம்பியோ வைக்கிறார்கள். இரண்டு எலும்புகளின் பிணைப்பு விட்டிருந்தால் குறுக்கே ஒரு நீளத் திருகாணி அல்லது கெட்டி நூல். சேர்ந்த அன்றே செய்யாமல் ஒரு வாரம், பத்து நாள் காத்திருக்கச் சொன்னால் அலட்சியம் என்று எண்ண வேண்டாம். வீங்கி மினுமினுக்கும் தோலைக் கீறினால் தையல் பிரிந்து சீழ் வைக்கும். வீக்கம் வடிந்து தோலில் சுருக்கம் விழுந்த பிறகே கத்தி வைக்கிறார்கள். கூடிய பின் பிளேட்டை எடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமில்லை, உறுத்தினால் எடுக்கலாம்.

அறுபது கடந்த என் போன்றவர்களுக்கு ஒரு செய்தி. இங்கிலாந்தில், நிலையில்லாத கணுக்கால் முறிவு கொண்ட 60 வயதுக்கு மேற்பட்ட 620 பேரை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு ஆபரேஷனும் மற்றதற்கு, மயக்க மருந்து கொடுத்து எலும்பை நேராக்கி, காலோடு ஒட்டி வார்க்கும் மாவுக்கட்டும் போட்டுப் பார்த்து 2016-ல் முடிவை வெளியிட்டார்கள். ஆறு மாதத்தில் நடமாட்டம் இரு பிரிவுக்கும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. ஆனால் கட்டுப் போட்டவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு எலும்பு நழுவியதால் பிறகு ஆபரேஷன் தேவைப்பட்டது. வயதானவருக்குக் கட்டே போதும் என்று டாக்டர் சொன்னால் அது கைவிடுவது ஆகாது. அதே நேரத்தில் வாரா வாரம் எக்ஸ்ரேக்கு வரச் சொன்னால் தவறாமல் போக வேண்டும்.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் நம் தொழிலில் அதிகம். நாள் முழுக்க உட்கார்ந்தே வியாபாரம் பார்க்கிறோம் அல்லவா! அவர்களுக்கு எலும்பு கூடும் காலம் நீள்கிறது. காலூன்றாமல் இருக்க வேண்டிய நாட்களை ஏறக்குறைய இரட்டிப்பாக்குகிறார்கள். புண் ஆறுவதும் கடினம். பாதம் மரத்தவர் முறிந்த காலோடு வலி தெரியாமல் நடந்து நடந்தே மூட்டைப் பாழாக்கிக்கொள்வார். அடிபட்ட நினைவே இல்லாமல் ஒரு பாதம் மட்டும் சிவந்து சூடாக வீங்கியிருந்தால் உடனே காட்ட வேண்டும். பீடி, சிகரெட் பிடிப்பவருக்கு எலும்பு கூடத் தாமதமாகும். அந்த மூன்று மாதமாவது நிறுத்துங்கள்.

எலும்பு கூட ஆறு வாரம் என்பது பொதுக் கணக்கு. ஆனால் கட்டு அவிழ்த்த மறுநாளே மூட்டை தூக்கலாம் என்று எண்ணக் கூடாது. மூட்டு இறுகியிருக்கும், ஆடுசதை மெலிந்திருக்கும். பாதத்தை மேலும் கீழும் அசைக்கும் பயிற்சி, துண்டை விரல்களில் மாட்டி இழுப்பது, பிறகு சுவரைப் பிடித்து ஒற்றைக் காலில் நிற்பது என்று படிப்படியாகப் போக வேண்டும். இதில் சோம்பியவர்கள்தான் பிறகு ஆபரேஷனைக் குறை சொல்கிறார்கள். உட்கார்ந்து கல்லா பார்ப்பவர், காலை ஒரு டின் மேல் உயர்த்தி வைத்துக்கொண்டு சில வாரங்களில் வரலாம். நின்று பொட்டலம் போடுபவருக்கு மூன்று மாதம். சுமை தூக்குபவருக்கு நான்கிலிருந்து ஆறு மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாலையில் லேசான வீக்கம் ஓராண்டு வரை வரும், பயப்பட வேண்டாம். ஆனால் ஆடுசதை கெட்டியாகி வலித்தாலோ, திடீரென மூச்சு வாங்கினாலோ ரத்தக் கட்டியாக இருக்கலாம். அது அவசரம்.

செலவு. திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே எக்ஸ்ரேயும் எலும்புப் பிரிவும் உள்ளன. முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை உள்ளவர்கள் அதைக் கையோடு கொண்டு போக வேண்டும். தகுதியிருந்தும் நம் கடை ஆட்களில் பலர் அட்டை எடுக்காமலே இருக்கிறார்கள், முதலாளிமார் எடுத்துக் கொடுக்க வேண்டும். விழுந்தது சாலை விபத்தில் என்றால், 2021 டிசம்பரில் தொடங்கிய "இன்னுயிர் காப்போம்" திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குப் பணம் கேட்கமாட்டார்கள். கடைக்குள் ஏணியிலிருந்து விழுந்தால் அதில் வராது.

எக்ஸ்ரே படங்களையும் டிஸ்சார்ஜ் சீட்டையும் கணக்குப் புத்தகத்தோடு சேர்த்துப் பத்திரமாக வையுங்கள். பிளேட் வைத்த காலுக்கு நாளை வேறொரு டாக்டர் கை வைக்க நேர்ந்தால், முதலில் அதைத்தான் கேட்பார்.